ஐந்தாவதாக வந்தவள்: நேப்பர்வில் சென்ட்ரல் பள்ளியில் எங்கள் ஏழு ஆண்டுகள்

2012-ஆம் ஆண்டு கோடையில் சிகாகோவுக்கு மேற்கே உள்ள நேப்பர்வில் நகருக்கு நாங்கள் குடிபெயர்ந்தோம். அங்கே வீடு பார்ப்பது என்றாலே பள்ளி பார்ப்பதுதான் என்று எங்களுக்கு முன்பே வந்து குடியேறியிருந்த நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அமெரிக்கப் புறநகர்களில் அரசுப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வும் இல்லை, நன்கொடையும் இல்லை. வீட்டு முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் விழுகிறதோ அந்தப் பள்ளியில் பிள்ளைக்கு இடம் உறுதி. அதற்குரிய விலையை வீட்டின் மதிப்பிலும் ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியிலும் கொடுத்துவிடுகிறோம். எங்கள் வரி ரசீதில் பாதிக்கு மேற்பட்ட தொகை பள்ளி மாவட்டத்துக்கே போகிறது.

நேப்பர்வில்லில் 203, 204 என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள் உண்டு. 203-க்குள் மட்டும் சென்ட்ரல், நார்த் என்று இரண்டு உயர்நிலைப் பள்ளிகள். நாங்கள் முன்பணம் கொடுக்கவிருந்த வீடு சென்ட்ரல் எல்லைக்குள் இருப்பதாக வீட்டுத் தரகர் உறுதியாகச் சொன்னார். என் மனைவிக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லிக் கேட்டபோதுதான், எல்லைக்கோடு அந்தத் தெருவின் நடுவே போவதும், நாங்கள் பார்த்த பக்கம் நார்த் பள்ளியைச் சேர்ந்தது என்பதும் தெரிந்தன. நார்த்தும் நல்ல பள்ளிதான். ஆனால் என் அலுவலகத்துக்குப் போகும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பள்ளி வேண்டும் என்றுதான் நாங்கள் சென்ட்ரலை நினைத்திருந்தோம்; ஆகவே அந்த வீட்டை விட்டுவிட்டோம். வீடு வாங்கப் போகிறவர்கள் தரகர் சொல்வதையோ விளம்பரத்தில் போட்டிருப்பதையோ நம்பிக் கையெழுத்திட வேண்டாம். மாவட்ட அலுவலகத்தில் ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

டூபேஜ் ஆற்றங்கரை நடைபாதைக்கு அருகில், பழைய கல் குவாரியை நீச்சல் குளமாக்கிய சென்டெனியல் பீச்சுக்கு எதிரே சென்ட்ரல் பள்ளி இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 2,500 மாணவர்கள் படிக்கிறார்கள். முதல் முறை உள்ளே போகிறவர்களைக் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரிகள் நிறுத்தி வைத்துவிடும். கேண்டஸ் பார்க்கர் ஆடிய பெண்கள் கூடைப்பந்து அணி 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மாநிலப் பட்டம் வென்றது; அவர் பிறகு இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை வென்றவர். அமெரிக்கக் கால்பந்தில் 1999-லும் 2013-லும் மாநிலப் பட்டம். 2010-இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு சூப்பர் பவுல் என்னும் தேசிய இறுதிப் போட்டியை வென்று கொடுத்த பயிற்சியாளர் ஷான் பேட்டன் 1982-இல் இங்கே படித்து முடித்தவர். இவற்றுக்கெல்லாம் நடுவே ஓர் எகிப்திய மம்மியையும் இந்தப் பள்ளி பல பத்தாண்டுகளாகப் பாதுகாத்து வருகிறது என்று அறிந்தபோது என் மகளுக்கு மற்ற கோப்பைகள் எதுவும் கண்ணில் படவில்லை.

இந்தச் சாதனைகளைப் பார்த்து நான் செய்த தவறு, அவற்றை என் பிள்ளைகளின் கணக்கில் முன்கூட்டியே வரவு வைத்துக்கொண்டதுதான். பள்ளியின் பெயர் பெரிது, தேர்வு சராசரி உயர்ந்தது, ஆகவே பிள்ளை இங்கே சேர்ந்தால் அந்த உயரத்துக்குத் தானாக வந்துவிடும் என்று எண்ணினேன். ஒரு புறநகர்ப் பள்ளியின் தேர்வு சராசரி என்பது பெருமளவுக்கு அங்கே குடியிருக்கும் பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் காட்டும் எண் என்பது எனக்குப் புரிய நான்கு ஆண்டுகள் ஆயின. பள்ளி தன் பங்குக்கு என்ன செய்கிறது என்பதை அறிய வேறு எண்களைப் பார்க்க வேண்டும். இல்லினாய் மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதில் நாள்பட்டு வகுப்புக்கு வராதவர்கள் எத்தனை பேர், ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சிப் பாதையில் இருப்பவர்கள் எத்தனை விழுக்காடு, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளும் எப்படித் தேறுகிறார்கள் என்பவை தனித்தனியே இருக்கும். இன்று யாராவது என்னிடம் பள்ளி பற்றிக் கேட்டால் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன்.

203 மாவட்டத்தைப் பற்றி உலக அளவில் பேசப்பட்ட ஒரு செய்தி உண்டு. அதையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். 1999-இல் 38 நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய டிம்ஸ் என்னும் சர்வதேசத் தேர்வில் இந்த மாவட்டமும் தனியாகக் கலந்துகொண்டு, அறிவியலில் முதலிடத்தையும் கணிதத்தில் ஆறாவது இடத்தையும் பிடித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கே உடற்கல்வியின் முறை மாறியிருந்தது. மேடிசன் நடுநிலைப் பள்ளியில் ஃபில் லாலர் என்ற ஆசிரியர், யார் வேகமாக ஓடுகிறார் என்பதற்கு மதிப்பெண் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் இதயத்துக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறது என்பதைத் துடிப்பு மானி கட்டி அளந்து மதிப்பெண் கொடுக்கத் தொடங்கினார். சென்ட்ரலில் பால் சியன்டார்ஸ்கி உடற்கல்வித் துறையை வழிநடத்தியபோது இதே முறை உயர்நிலைப் பள்ளிக்கும் வந்தது. படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு அவர்கள் தடுமாறும் பாடத்துக்குச் சற்று முன்னால் உடற்பயிற்சி வகுப்பை வைக்கும் திட்டமும் உருவானது. டிம்ஸ் வெற்றிக்கு உடற்கல்வி மட்டுமே காரணம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் வசதியான ஒரு நகரின் பிள்ளைகள் வேறு பல காரணங்களாலும் நன்றாகத் தேர்வெழுதுவார்கள். ஆனால் ஓடத் தெரியாத பிள்ளையும் முழு மதிப்பெண் பெறக்கூடிய உடற்கல்வி வகுப்பு என் வீட்டில் என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகன் 2013 முதல் 2017 வரை அங்கே படித்தான். அவன் எந்த விளையாட்டிலும் சேரவில்லை; சேர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பதினோராம் வகுப்பில் கால்குலஸ், இயற்பியல், வேதியியல், அமெரிக்க வரலாறு, ஆங்கில மொழி என ஐந்து ஏ.பி. பாடங்களை ஒன்றாக எடுத்தான். ஏ.பி. என்பது கல்லூரி முதலாண்டுத் தரத்தில் பள்ளியிலேயே நடத்தப்படும் பாடம். மே மாதத்தில் பொதுத் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். பாடங்களைத் தேர்ந்தெடுக்க உதவும் பள்ளிக் கவுன்சலர் மூன்று போதும் என்று எழுதியிருந்தார். எங்கள் நண்பர் வட்டத்தில் மற்றப் பிள்ளைகள் நான்கும் ஐந்தும் எடுத்திருந்ததால் ஐந்துக்கும் சம்மதித்து நான் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

செப்டம்பரில் அவன் இரவு ஒரு மணி வரை விழித்திருந்தான். அக்டோபரில் மதிய உணவு இடைவேளையில் நூலகத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறான் என்பது, அவன் பையில் மூன்று நாள் உணவுப் பெட்டி திறக்கப்படாமல் இருந்ததைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை படுக்கையில் உட்கார்ந்தபடியே, "அப்பா, என்னால முடியல" என்று சொன்னான். அதுவரை எந்த நாளும் பள்ளிக்குப் போகாமல் இருந்ததில்லை. மருத்துவர் ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டுத் தூக்கம்தான் மருந்து என்றார். கவுன்சலரைச் சந்தித்து வேதியியலை வழக்கமான நிலைக்கு மாற்றினோம். அந்த உரையாடல் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றியதால் எதிர்காலமே போய்விடும் என்று நான் அஞ்சியது நடக்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது.

ஏ.பி. பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 2016-17 கல்வியாண்டு முதல் இல்லினாயின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏ.பி. தேர்வில் 3 மதிப்பெண் பெற்றாலே கிரெடிட் (பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் பாட மதிப்பு) கொடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கிரெடிட் துறைக்குரிய கட்டாயப் பாடமாகக் கணக்கில் சேருமா, விருப்பப் பாடமாகச் சேருமா என்பதைப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. என் மகன் எழுதிய நான்கில் இரண்டு மட்டுமே அவன் துறைக்குப் பயன்பட்டன. எத்தனை ஏ.பி. என்று எண்ணுவதற்கு முன்னால், பிள்ளை சேர விரும்பும் துறையின் பக்கத்தில் எந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பாடம் கழியும் என்ற அட்டவணையைப் பாருங்கள். நான் பார்த்திருந்தால் அந்த இலையுதிர் காலம் அவனுக்கு வேறு விதமாகப் போயிருக்கும்.

மகள் 2016-இல் சேர்ந்தபோது நான் எதிலும் தலையிடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். உடற்கல்வி வகுப்பில் துடிப்பு மானி கட்டிக்கொண்டு ஓடிய முதல் மாதமே அவள் வீட்டுக்கு வந்து, "நான் மெதுவாத்தான் ஓடினேன், ஆனா எனக்கு முழு மார்க்" என்று சொன்னாள். ஓட்டம் தனக்கும் உரியது என்று அவளுக்குத் தோன்றியது அன்றுதான். மறு ஆண்டு கிராஸ் கன்ட்ரி அணியில் சேர்ந்தாள்; புல்வெளியிலும் மண் பாதையிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம் அது. கூடைப்பந்திலும் கைப்பந்திலும் தேர்வு வைத்துப் பலரை நீக்குவார்கள். 2,500 பேர் படிக்கும் பள்ளியில் பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் இடம் பெறுவது எளிதல்ல. கிராஸ் கன்ட்ரியில் பெரும்பாலான பள்ளிகள் யாரையும் நீக்குவதில்லை. வந்தவர் எல்லாரும் பயிற்சி செய்யலாம், போட்டி நாளில் வார்சிட்டி (பள்ளியின் முதல் நிலை அணி), ஜே.வி. (அடுத்த நிலை அணி) என்று பிரித்து அனைவரையும் ஓட விடுவார்கள். விளையாட்டுப் பின்னணி இல்லாத நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடத் திறந்த வாசல் பள்ளியில் வேறில்லை என்பது என் கருத்து.

அந்த வாசலில் தடுக்கி விழ வைப்பவை இரண்டு. முதலாவது, மருத்துவச் சான்று. இல்லினாயில் எந்தப் பள்ளி விளையாட்டில் சேரவும் மருத்துவரின் உடற்தகுதிப் படிவம் வேண்டும். அது 395 நாள்களுக்கே செல்லும். ஒன்பதாம் வகுப்பில் சேரும்போது கொடுத்த படிவமே போதும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். அது பயிற்சி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு காலாவதியாகியிருந்தது. முதல் நான்கு நாள்கள் அவள் புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தாள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்திலேயே இந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். இரண்டாவது, ஊருக்குப் போகும் பயணம். பள்ளி திறப்பது ஆகஸ்ட் பிற்பாதியில் என்று நினைத்து ஆகஸ்ட் 15-ஆம் தேதி வாக்கில் திரும்பும்படி டிக்கெட் எடுப்பது நம்மவர் வழக்கம். இலையுதிர் கால விளையாட்டுகளின் பயிற்சி ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் தொடங்கிவிடும், அதற்கு முந்தைய ஜூன், ஜூலை மாதங்களின் ஓட்டம்தான் அடித்தளம். 2018-இல் திருச்சியில் பாட்டி வீட்டில் இருந்தபோது, மகள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து தன் மாமாவின் சைக்கிள் துணையோடு கொள்ளிடக் கரையில் ஓடினாள். ஆகஸ்ட் 3-ஆம் தேதிக்குள் வீடு திரும்பிவிட்டோம்.

இன்னொன்றையும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் அவள் நேரம் போட்டிக்குப் போட்டி மோசமாகிக்கொண்டே வந்தது. பயிற்சி செய்யச் செய்ய மெதுவாக ஓடினாள்; மாலையில் சாப்பிடாமலே தூங்கினாள். சோம்பல் என்றோ படிப்புச் சுமை என்றோ நினைத்திருப்போம், ஆனால் மகன் விஷயத்தில் பட்ட அனுபவம் எங்களை மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்தது. ஹீமோகுளோபின் இயல்பான அளவில்தான் இருந்தது. உடலில் இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் மிகவும் குறைந்திருந்தது. சைவ உணவு, மாதவிடாய், நீண்ட தூர ஓட்டம் மூன்றும் சேரும்போது இது அடிக்கடி நடக்கும் என்று மருத்துவர் விளக்கினார். ஆகவே ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாமல் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் சொன்ன அளவில் இரும்பு மாத்திரையை ஆரஞ்சுச் சாற்றோடு கொடுத்தோம். அந்த வேளையில் பாலும் காபியும் கிடையாது. பரிசோதனை செய்யாமல் கடையில் வாங்கிக் கொடுப்பது ஆபத்து, அதிக இரும்பும் உடலுக்குத் தீங்கு. முருங்கைக்கீரை அடையும் எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலைச் சுண்டலும் எங்கள் வீட்டில் வாரம் இருமுறை என்று ஆயின. அக்டோபர் நடுவில் அவள் பழைய வேகத்துக்குத் திரும்பினாள்.

அந்த அக்டோபரில்தான் நான் சொல்ல நினைத்த போட்டி நடந்தது. கிராஸ் கன்ட்ரியில் ஒவ்வோர் அணியிலும் முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த எண்ணிக்கை பெற்ற அணி வெற்றி பெறும். ஆறாவதாகவும் ஏழாவதாகவும் வருபவர்கள் கூட்டலில் சேர மாட்டார்கள், ஆனால் எதிரணியினரின் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஜே.வி. பிரிவு, பல அணிகள், மூன்று மைல், மழை பெய்து ஊறிய தரை. நான் இறுதிக்கோட்டுக்கு அருகே கயிற்றை ஒட்டி நின்று, கையில் இருந்த தாளில் வருகிறவர்களின் சட்டை நிறத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். முதலிடம், எங்களுக்கு நெருக்கமாக வந்த எதிரணியின் பெண்ணுக்கு. நாற்பது மீட்டர் இடைவெளியில், சற்றும் களைப்பின்றி வந்தாள். எங்கள் சிவப்புச் சட்டைகள் 2, 4, 5, 11. எதிரணி 1, 3, 8, 10. எங்கள் நால்வரின் கூட்டல் 22, அவர்களுக்கும் 22. கடைசித் திருப்பத்தில் என் மகளும் எதிரணியின் ஐந்தாவது பெண்ணும் ஒன்றாக வந்தார்கள். என் மகளின் வலது காலணி சேற்றில் பாதி கழன்றிருந்தது, குதிகால் வெளியே தெரிந்தது. அவள் குனியவில்லை. கால் விரல்களை மடக்கிக் காலணியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து 19-ஆவதாகக் கோட்டைத் தாண்டினாள், மற்றவள் 20. எங்களுக்கு 41, அவர்களுக்கு 42. இருவரும் இடம் மாறியிருந்தால் வெற்றியும் மாறியிருக்கும்.

முதலாவதாக வந்த பெண் அன்று தோற்ற அணியில் இருந்தாள். பத்தொன்பதாவதாக வந்த என் மகளைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து முதல் ரேங்க் என்ற ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருந்த எனக்கு, அந்தத் தாளில் நானே எழுதிய எண்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கத் தோன்றியது. அன்றிரவு மகனைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஐந்து பாடங்களுக்காக மன்னிப்புக் கேட்டேன்.

பெற்றோரின் பங்கு பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிக்கு முந்தைய இரவு ஏதேனும் ஒரு வீட்டில் அணி முழுவதும் கூடிச் சாப்பிடும், வழக்கமாகப் பாஸ்தாதான். எங்கள் முறை வந்தபோது பாஸ்தாவோடு எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் வைத்தோம். எலுமிச்சைச் சாதப் பாத்திரம்தான் முதலில் காலியானது. தண்ணீர் மேசை, கூடாரம் கட்டுதல், ஓடி முடித்தவர்களின் இடக் குறிப்பு அட்டை சேகரித்தல் ஆகிய வேலைகளுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். அங்கே போய் நின்றபோதுதான் மற்றப் பெற்றோரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. எந்த ஆசிரியரிடம் எப்படிப் பேச வேண்டும், பாடத்தை மாற்றக் கடைசி நாள் எது என்பன போன்ற செய்திகள் அந்தக் கூடாரத்தின் கீழ்தான் கிடைத்தன. மூன்று ஆண்டுகள் முன்னால் எனக்கு அவை தெரிந்திருக்க வேண்டும்.

விளையாட்டால் கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்ற எண்ணத்தோடு பிள்ளையை அனுப்புவோருக்கு ஒரு செய்தி: கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வைத்திருக்கிறது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென உதவித்தொகை கொடுப்பதே இல்லை. முதற் பிரிவுக்குப் போகக்கூடிய திறமை உள்ள பிள்ளை என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே 16 அடிப்படைப் பாடங்கள் என்ற என்.சி.ஏ.ஏ. நிபந்தனையைக் கவுன்சலரோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். எங்கள் மகளுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

2019 நவம்பரில், கடைசி ஆண்டில், அவள் வார்சிட்டியின் முதல் ஏழு பேரில் இல்லை. இருந்தும் தோழிகளோடு பியோரியாவின் டெட்வைலர் பூங்காவுக்கு மாநிலப் போட்டியைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். வண்டி ஓட்டிக்கொண்டு நானும் போனேன். 1972-இல் கிரெய்க் வர்ஜின் அந்தத் தடத்தில் 13 நிமிடம் 50.6 விநாடியில் மூன்று மைல் ஓடியிருந்தார். 47 ஆண்டுகளாக யாரும் தொடாத அந்தச் சாதனையை அன்று ஹெர்சி பள்ளி மாணவர் ஜாஷ் மெத்னர் ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முறியடித்தார். ஹெர்சியும் சிகாகோவின் புறநகர் அரசுப் பள்ளிதான். கூட்டம் முழுவதும் அவரைச் சூழ்ந்திருக்க, என் மகள் கயிற்றோரம் நின்று ஒவ்வோர் அணியின் ஐந்தாவது ஆளைத் தேடிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் கோடையில் ஊரிலிருந்து புதிதாக வரும் குடும்பங்கள் எங்களிடம் பள்ளி பற்றி விசாரிக்கின்றன. ஆகஸ்ட் மாதம் காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரை நடைபாதைக்கு வாருங்கள் என்று அழைக்கிறேன். முன்னால் போகும் பத்துப் பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், கடைசிப் பிள்ளை வந்து சேரும் வரை நிற்கச் சொல்கிறேன். பயிற்சியாளர் அந்தப் பிள்ளைக்காகக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாரா என்பதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.